ஊருக்கு ஒரே எரிமேடை
(திருப்பரங்குன்றம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருப்பரங்குன்றம் 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. சற்றுத் தள்ளிப் போனால் ஊராட்சிகள். எங்கே இருந்தாலும் சுடுகாடு உள்ளாட்சியின் பொறுப்பு. மயானம் அமைப்பதும் பராமரிப்பதும் ஊராட்சியின் கடமை என்கிறது 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆவது பிரிவு. எரிமேடை, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, பாதை எல்லாமே பொதுப்பணம்.

அந்தப் பணத்தில் ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என இரண்டு எரிமேடை கட்டினால், அங்கே சாதியைக் கட்டுவது யார்? நாம் தேர்ந்தெடுத்த மன்றம்தான்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்தின் வழியே போக விடாததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். பாதை இல்லாத இடத்தில் எரிமேடை கட்டி யாருக்கு லாபம்?

2021இல் நீதிபதி ஆர்.மகாதேவன், மயானங்களில் உள்ள சாதிப் பெயர்ப் பலகைகளை அகற்றச் சொன்னார். சாதி வேறுபாடற்ற மயானமுள்ள சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசும் அறிவித்தது. நல்லது. ஆனால் பலகையைக் கழற்றினாலும், எந்த மேடை யாருக்கென்று ஊருக்கே தெரியுமே!

எனவே அடுத்த கிராம சபையில் கேளுங்கள்: மேடை எங்கே வருகிறது? பாதை யார் நிலத்தில் போகிறது? நிலம் வாங்க வேண்டுமென்றால் ஊராட்சி வாங்குமா? 'பொது' என்று சொல்லி நம் இடுகாட்டைப் பறிக்கவும் விடாதீர்கள். ஊர்ச் சுடுகாட்டின் கதவு நமக்கும் திறக்கட்டும். அதைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்.

ஜெய்பீம்!