போர் போட்டுக் கொடுத்தால் மட்டும் போதுமா?

(காந்திபுரத்தில் நடந்த நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



நெய்வேலிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் உள்ள மதரஸாவுக்கு போர் போட உதவி கேட்டு, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவரின் உறவினர் விண்ணப்பம் அனுப்பியிருந்தார். எத்தனை அடி, எவ்வளவு செலவு, மோட்டார் என்ன விலை என்றெல்லாம் விசாரித்தோம். கடைசியில் ஒரு சகோதரி எழுந்து, “அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்கலாமா? யாராவது பரிசோதித்தார்களா?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. இதற்கு முன் நாம் போட்டுக் கொடுத்த போர்களைப் பற்றியும் இதை நாம் கேட்டதில்லை. குறை நம்முடையதுதான்.

நெய்வேலியில் தண்ணீர் சாதாரண விஷயமல்ல. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோதுதான் கரிய பொருள் வெளிவந்தது. பின்னால் அதுவே பழுப்பு நிலக்கரிச் சுரங்கமாயிற்று. 1956-இல் அரசு நிறுவனம் அமைந்தது. அங்கே கரிப் படிவத்துக்கு அடியில் பெரிய நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. அந்த நீர் மிகுந்த அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டுகிறது. அழுத்தத்தைக் குறைக்காமல் வெட்டினால் சுரங்கத்தின் தரை உடைந்து வெள்ளம் வந்துவிடும். அதனால் 1960-களிலிருந்து இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே கரி எடுக்கிறார்கள்.

ஓரிடத்தில் இப்படி இடைவிடாமல் இறைத்தால் சுற்றிலும் நீர்மட்டம் புனல் போலச் சரியும். இறைத்த நீரோ பரவனாறு வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று பாய்ந்து வயல்களுக்கும் உதவுகிறது. ஒரே ஊரில் ஒருவருக்குக் கிணறு இறங்கலாம், இன்னொருவருக்கு வாய்க்காலில் தண்ணீர் வரலாம். ஆகவே யாரையும் பழிப்பதோ புகழ்வதோ நம் வேலையல்ல. அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

தரத்தைப் பற்றியும் கேள்வி எழுந்திருக்கிறது. நெய்வேலிப் பகுதி நீர் மாசு குறித்து 2023-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த மாதிரிகளிலும் பாதரசம் வரம்பைத் தாண்டியிருந்ததாகச் செய்தி வந்தது. குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. அது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பாதரசம் போகாது.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. சுரங்கங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது, சுற்றியுள்ள கிணறுகளின் மட்டத்தையும் தரத்தையும் ஏப்ரல்-மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி என ஆண்டுக்கு 4 முறை பார்க்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது வழக்கம். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். அவை பொது ஆவணங்கள். யாரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

ஆனால் அந்த அறிக்கையில் நம் தெருக் கிணறு இருக்கவேண்டும் என்பதில்லை. “எங்க அத்தா காலத்துல கையால எட்டித் தண்ணி மொண்டோம்” என்று பெரியவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தேதியும் அளவும் எழுதி வைத்திருந்தால்தான் அதிகாரியிடமும் நீதிமன்றத்திலும் அந்தப் பேச்சு நிற்கும்.

எனவே நாங்கள் முடிவு செய்தது இதுதான். மதரஸாவுக்கு இன்ஷா அல்லாஹ் உதவுவோம். ஆனால் பணத்தோடு ஒரு நோட்டும் போகும். ஊரிலுள்ள ஒரு திறந்த கிணற்றில், அந்த 4 மாதங்களிலும், காலையில் மோட்டார் போடுவதற்கு முன் கயிற்றில் கல் கட்டி இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கிணறு, அதே விளிம்பிலிருந்து அளவு. மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை போர் நீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கையடக்கப் பெட்டியில் உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு போன்றவற்றைப் பார்க்கலாம். பாதரசத்துக்கு அது உதவாது. அதற்கு உலோகச் சோதனை செய்யும் லேபுக்கு, அவர்கள் தரும் பாட்டிலிலேயே எடுத்து அனுப்ப வேண்டும். அந்தச் செலவை அறக்கட்டளை ஏற்கும். முதல் முடிவு வரும்வரை அந்த நீர் புழக்கத்துக்கு மட்டும், குடிக்க அல்ல.

கோவையில் சிறுவாணி, பில்லூர்த் தண்ணீர் நமக்குக் கிடைக்கிறது. அது வராத நாளில் நாமும் போரைத்தான் நம்புகிறோம். நம் கட்டட போருக்கும் இந்த மாதமே ஒரு நோட்டுப் போடுகிறோம். அடுத்தவருக்குச் சொல்வதை முதலில் நாம் செய்ய வேண்டுமல்லவா?

தண்ணீர் அல்லாஹ் தந்த அமானிதம். தானமாகக் கொடுக்கும் தண்ணீர் யாருக்கும் தீங்காகாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு வையுங்கள்.