பக்கி: தரையில் உறங்கும் ஒரு ராத்திரிப் பறவை

(புணேயில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"பக்கி மாதிரி அள்ளிப் போட்டுக்காதே!" என்று நம் பாட்டிமார்கள் திட்டுவார்கள். அதே பெயரில் ஒரு பறவை உண்டு என்பது எனக்கு அறுபது வயதில்தான் தெரிந்தது. ரிடையர் ஆனபின் வேதாள் டேக்டி குன்றில் தினமும் நடப்பேன். இருட்டுகிற நேரத்தில் ஒரு சப்தம் கேட்கும். கோலிக்குண்டைத் தரையில் போட்டால் டக்... டக்.. டக் டக் டடடட என்று துள்ளி அடங்குமே, அச்சு அசல் அதேதான். ஆனால் ஆளைக் காணோம்! ஒரு நாள் காலை, நான் கால் வைக்கப்போன இடத்தில் கிடந்த சருகு விருட்டென்று எழுந்து பறந்தது. அன்றுதான் தரிசனம்.

மைனா அளவுதான் இருக்கும். சாம்பலும் பழுப்புமாக, காய்ந்த இலையும் மண்ணும் கலந்தாற்போல உடம்பு. பெரிய கண்கள். அலகு மிகச் சிறியது. ஆனால் வாயைத் திறந்தால் கண்ணுக்குக் கீழ் வரை பிளக்கும். வாயோரத்தில் விறைப்பான மீசை முடிகள். அந்திப்பூச்சி, வண்டு, கரையான் ஈசல் எல்லாவற்றையும் பறந்தபடியே விழுங்கிவிடும். சிறகு மெத்தென்று இருப்பதால் பறக்கிற சப்தமே கேட்காது.

இது கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில் இரண்டு முட்டை. அசையாமல் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

இதன் லத்தீன் பெயர் காப்ரிமுல்கஸ். 'ஆட்டுப்பால் கறப்பவன்' என்று பொருள். ராத்திரியில் ஆட்டின் மடியில் பால் குடிக்கிறது என்று அரிஸ்டாட்டில் காலத்திலேயே பழி சுமத்திவிட்டார்கள். பாவம், அது மந்தையைச் சுற்றும் பூச்சிக்காக வந்தது!

இனி, வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ராத்திரி காரில் வந்துகொண்டிருந்தேன். ஹெட்லைட்டில், சாலை நடுவே இரண்டு சிவப்புப் புள்ளிகள் தணல் போல மின்னின. ஏதோ கண்ணாடித் துண்டு என்று நினைத்து வேகத்தைக் குறைக்கவில்லை. கடைசி நொடியில்தான் அது எழும்பியது. இறங்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. பகல் வெயிலில் சூடேறிய தார்ச்சாலையில் இவை வந்து உட்காரும், வெளிச்சம் பட்டால் திகைத்து நிற்கும் என்று பிறகுதான் படித்தேன். பருந்திடமிருந்து காப்பாற்றுகிற அந்த அசையாமை, டயரிடமிருந்து காப்பாற்றுவதில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். குன்று, புல்வெளி ஓரச் சாலைகளில் இருட்டியபின் மெதுவாகப் போங்கள். சிவப்புக் கண்கள் தெரிந்தால் விளக்கை டிம் செய்து ஒரு நிமிஷம் நில்லுங்கள். அது எழுந்து போய்விடும். நமக்கு அந்த ஒரு நிமிஷத்தில் ஒன்றும் குறைந்துவிடாது.