மெலியும் தசையும் தேயும் எலும்பும்

முதியவர் ஒருவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டிருக்கிறது. அறுவைச் சிகிச்சை வேண்டும் என்கிறார் மருத்துவர். வீட்டில் உள்ளோர் கேட்கும் கேள்விகள் யாவை? கட்டி எவ்வளவு பெரிது, பரவியிருக்கிறதா, முழுவதும் எடுத்துவிடலாமா என்பனவே. "இவருடைய தொடையில் தசை எவ்வளவு இருக்கிறது? முதுகெலும்பு எவ்வளவு திண்மையாக இருக்கிறது?" என்று ஒருவரும் கேட்பதில்லை. குடலில் வந்த நோய்க்கும் தொடைக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்களாகிய நீங்களும் வியக்கக்கூடும். அத்தொடர்பைப் பற்றியே இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன்.

தசையைப் பளுத் தூக்கும் கருவியாக மட்டுமே எண்ணி நாம் பழகிவிட்டோம். உண்மையில் அது உடலின் களஞ்சியமும் ஆகும். மிஞ்சிய கொழுப்பைச் சேர்த்து வைக்க உடலில் தனி இடம் உண்டு. சர்க்கரையும் ஓரளவு ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படுகிறது. புரதத்துக்கோ அத்தகைய தனிக் கிடங்கு எதுவும் இல்லை. உடலிலுள்ள புரதமெல்லாம் ஏதேனும் ஒரு பணியில் அமர்ந்திருப்பதே. ஆகவே நெருக்கடி நேரும்போது உடல் தசையைக் கரைக்கத் தொடங்குகிறது. அதிலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்களைக் கொண்டு புண்ணை ஆற்றுகிறது. நோயை எதிர்க்கும் அணுக்களைப் பெருக்குகிறது. பஞ்ச காலத்தில் விதைநெல்லை எடுத்து உண்ணும் குடியானவன் நிலைதான் அது.

இதனைச் சோதனை வாயிலாக அளந்து காட்டியவர் டேவிட் கத்பர்ட்சன் என்னும் அறிஞர். 1930ஆம் ஆண்டையொட்டி, ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கால் எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வந்தோரின் சிறுநீரைச் சேர்த்து, அதிலுள்ள நைட்ரஜனை அவர் அளந்தார். புரதம் சிதைந்தால் அதன் நைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறும். ஒரு கிராம் நைட்ரஜன் என்பது ஏறத்தாழ ஆறேகால் கிராம் புரதத்துக்கு ஈடு. அவர் கண்ட இழப்போ, முறிந்த கால் ஒன்றிலிருந்து மட்டும் வந்திருக்க முடியாத அளவுக்கு மிகுதியாக இருந்தது. அடிபட்டது ஒரு கால். கரைந்ததோ உடல் முழுவதிலும் உள்ள தசை! அறுவைச் சிகிச்சையும் உடலைப் பொறுத்தவரை ஒரு காயமே. கத்தியை ஏந்தியவர் நண்பரா, பகைவரா என்பதைத் திசுக்கள் அறியமாட்டா.

இளைஞன் ஒருவன் இவ்விழப்பைத் தாங்கிக்கொள்வான். முதியவருக்குக் களஞ்சியம் முன்னரே குறைந்திருக்கிறது. நடுவயதைத் தாண்டிய பின் தசை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். இதற்கு 1989ஆம் ஆண்டில் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க அறிஞர் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். சதைக் குறைவு என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பெயர் பிறந்த பின்னரே மருத்துவர்கள் அதனை ஒரு பொருட்டாகக் கருதினர் என்பது என் எண்ணம். இந்தக் குறைவின் மேல் புற்றுநோய் வந்து சேருகிறது. கட்டியைச் சூழ்ந்து எழும் அழற்சி தசைச் சிதைவைத் தூண்டுகிறது. பசி மந்தமாகிறது. குடலில் இரத்தம் கசிந்து சோகை உண்டாகிறது. சோகை கண்டவர் நடப்பதைக் குறைத்துக்கொள்கிறார். நடை குறையவே தசை மேலும் மெலிகிறது.

படுக்கை செய்யும் கேடு தனி. 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள், நோயற்ற முதியோர் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். உணவில் குறையில்லை, காயம் எதுவும் இல்லை. ஆயினும் அப்பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோகிராம் அளவுக்குக் கொழுப்பல்லாத திசு குறைந்து போயிற்று. நலமாக இருந்தவருக்கே இந்நிலை என்றால், வயிற்றில் வெட்டுப்பட்டுப் பட்டினியும் கிடப்பவர் நிலை யாதாகும்?

இனி எலும்பைப் பார்ப்போம். எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் அன்று. ஒருவகை அணுக்கள் அதனை அரித்துக்கொண்டே இருக்கின்றன. மற்றொரு வகை அணுக்கள் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. எந்த இடத்தில் சுமை மிகுதியோ அந்த இடத்தில் எலும்பு வலுப்பெறும், சுமை நீங்கினால் மெலியும் என்று ஜெர்மானிய அறிஞர் ஜூலியஸ் உல்ஃப் 1892ஆம் ஆண்டில் எழுதினார். எடையற்ற விண்வெளியில் மாதக்கணக்கில் தங்கும் வீரர்கள் இடுப்பெலும்பில் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மிகுதியாக இழக்கின்றனர். எலும்புக்குச் சுமை தருவது உடலின் எடை மட்டுமன்று. அதனைப் பற்றி இழுக்கும் தசையுமாகும். ஆகவே தசை மெலிந்தால் எலும்பும் பின்தொடர்கிறது. அழற்சியின்போது இரத்தத்தில் பெருகும் பொருள்கள் சில, எலும்பை அரிக்கும் அணுக்களையே ஊக்குகின்றன. மலக்குடலில் வந்த புற்றுக்குக் கதிர் மருத்துவம் செய்தால் இடுப்புக்கூட்டின் எலும்பும் அக்கதிருக்கு ஆளாகிறது. 65 வயதைக் கடந்த பெண்களிடையே அத்தகைய சிகிச்சைக்குப் பின் இடுப்பு முறிவு கூடுதலாக நேர்ந்ததை 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு எடுத்துக் காட்டியது. குடலில் வந்த நோயை வென்று வீடு திரும்பிய மூதாட்டி, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதும் உண்டு. தசை தள்ளாடியது, எலும்பு தாங்கவில்லை. இரண்டும் சேர்ந்தே அவரை வீழ்த்தின.

சரி, இக்குறைவை எவ்வாறு அறிவது? எடைபோடும் பொறி இதில் ஏமாற்றிவிடும். பருத்த உடலுக்குள்ளும் தசை சொற்பமாக இருக்கலாம்; கனடாவில் கார்லா பிராடோ என்பவரும் உடனுழைத்தோரும் 2008ஆம் ஆண்டில் இதனைப் புற்றுநோயாளரிடம் காட்டினர். அவர்கள் அளந்த முறை எளியது. கட்டியைக் காண்பதற்காக எடுக்கப்படும் 'சி.டி. ஸ்கேன்' படமே அவர்களுக்குப் போதுமாயிற்று. இடுப்புப் பகுதியின் மூன்றாம் முள்ளெலும்பு மட்டத்தில் உள்ள ஒரே ஒரு வெட்டுப் படத்தில் தசையின் பரப்பைக் கணக்கிட்டால் உடல் முழுவதன் தசையளவும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். அப்படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்று ஒன்று உண்டு; தண்ணீருக்குச் சுழி, காற்றுக்கு ஆயிரம் குறைவு. அந்த எண்ணைக் கொண்டு முள்ளெலும்பின் திண்மையையும் மதிப்பிடலாம். புதிய கருவியோ, புதிய செலவோ வேண்டியதில்லை.

அறிந்தபின் செய்வது என்ன? படுக்கையே மருந்து என்ற பழைய நம்பிக்கையை லண்டன் மருத்துவர் ரிச்சர்டு ஆஷர் 1947ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் கடிந்தார். 1995இல் கோபன்ஹேகன் நகரத்தின் ஹென்றிக் கேலட்டும் அவர் குழுவினரும், குடல் அறுவை செய்துகொண்ட முதியோரைத் தாமதியாமல் எழுப்பி நடத்தி, விரைவிலேயே உணவும் அளித்து, இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று காட்டினர். குடல் ஓசை கேட்கும்வரை பட்டினி போட்ட மருத்துவ உலகுக்கு அது பெரும் வியப்பாக இருந்திருக்கும்.

அதனினும் ஒரு படி முன்னே சென்றவர்கள் மான்ட்ரியால் நகரத்தினர். அறுவைக்குக் குறித்த நாள் வருமுன் இருக்கும் நான்கு வாரங்களை ஏன் வீணாக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 77 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். நடைப் பயிற்சி, தசைக்கு வலுத் தரும் பயிற்சி, புரத உணவு, மன அமைதிக்கான பயிற்சி ஆகியவற்றை ஒரு பிரிவார் அறுவைக்கு முன்பே தொடங்கினர்; மற்றவர் அறுவைக்குப் பின்னரே தொடங்கினர். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கின்றனர் என்பதே அளவுகோல். எட்டு வாரம் கழித்து, முன்பே தொடங்கியோரில் நூற்றுக்கு 84 பேர் தம் பழைய நடையை மீண்டும் எய்தினர். மற்றப் பிரிவில் 62 பேரே எய்தினர். எல்லா ஆய்வுகளும் இவ்வாறு அமையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மிகத் தளர்ந்த முதியோரைப் பற்றி அதே நகரத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், முன்பயிற்சியால் அறுவைக்குப் பிந்திய சிக்கல்கள் குறையவில்லை. எத்தகையோருக்கு எவ்வளவு பயிற்சி என்பது இன்னும் ஆராயப்படுகிறது.

புரதத்தின் அளவைப் பற்றி ஒரு சொல். உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 1.2 கிராம் புரதம் என்பது மான்ட்ரியாலில் கொண்ட கணக்கு. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு 72 கிராம் ஆகிறது. ஒரு கோழி முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம். நம் வீடுகளில் நோயாளிக்கென்று அன்போடு காய்ச்சும் அரிசிக் கஞ்சியிலோ நீரே மிகுதி; புரதம் சொற்பம். பருப்பு, பால், தயிர், முட்டை, மீன் இவற்றுள் அவருக்கு ஒத்துக்கொள்வது எது என்பதை மருத்துவரிடம் கேட்டறியலாம்; சிறுநீரக நோய் உள்ளவருக்குக் கணக்கு வேறு.

இழந்த தசை பயிற்சியால் சில வாரங்களிலேயே மீளத் தொடங்குகிறது. எலும்புக்கு அந்த விரைவு கிடையாது. அரிக்கப்பட்ட ஓரிடம் மீண்டும் நிரம்பிக் கெட்டிப்படப் பல மாதங்கள் ஆகும். ஆகவே அறுவை முடிந்து தையல் பிரித்து, நோயாளி நலமாகிவிட்டார் என்று உறவினர் வந்து பார்த்துச் சென்ற பின்னும், அவருடைய எலும்புக்குள் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.