முன்பல்லும் அதன் முன்சுவரும்

பழுதுபட்ட முன்பல்லைப் பிடுங்கிய அன்றே, அது இருந்த குழியிலேயே டைட்டானியத் திருகொன்றைப் பதிப்பதற்கு உடனடி இம்பிளாண்ட் என்று பெயர். திருகு உறுதியாக நின்றால் தற்காலிகப் பல்லையும் அப்போதே அதன்மேல் பொருத்திவிடலாம். பொன்முடி மலைச்சாலையின் அடிவாரத்திலுள்ள கல்லாற்றில் வசிப்பவர், 1959-இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு விதுரா, நெடுமங்காடு கடந்து வரவேண்டும். அறுவை ஒரே நாளில் முடிந்தால் நல்லது என்று அவர் விரும்புவது நியாயமே. ஆயினும் அதற்கு இடம் தருவதும் மறுப்பதும் உதட்டை ஒட்டியுள்ள எலும்புச் சுவரே.

சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1965-இல் முதல் நோயாளிக்குத் திருகு பதித்தபோது, எலும்பு டைட்டானியத்தோடு நேரடியாகப் பிணைவதற்காகச் சில மாதங்கள் காத்திருந்தே பற்களைப் பொருத்தினார். இன்று, தக்கவர்களைத் தேர்ந்து செய்யப்படும் உடனடி இம்பிளாண்ட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஆண்டுகள் கடந்தும் நிலைத்திருக்கின்றன. முன்பல்லைப் பொறுத்தவரை அது பாதி வெற்றிதான்; மறுபாதி தோற்றத்தில் இருக்கிறது.

மேல்முன்பற்களின் முன்புறச் சுவர் பெரும்பாலோருக்கு 1 மில்லிமீட்டர் தடிப்புகூட இல்லாதது. அதன் விளிம்பு, பல்வேரைப் பற்றியிருக்கும் நார்களைச் சார்ந்து வாழும் எலும்பாதலால், பல் போனதும் கரையத் தொடங்குகிறது. திருகு பதித்தாலும் அக்கரைவு நிற்பதில்லை என்பதை அராவுஜோவும் லிண்டேயும் 2005-இல் வெளியிட்ட விலங்காய்வு காட்டியது. சுவர் தேய்ந்தால் ஈறு மேலேறி, புதிய பல் பக்கத்துப் பல்லைவிட நீண்டு தோன்றும். சிரிக்கும் வாயில் 1 மில்லிமீட்டர் வேறுபாடும் கண்ணில் படும், பின்னர் அதைச் சீராக்குவது மிகக் கடினம்.

ஆகவே தேர்ந்த மருத்துவர், முப்பரிமாண ஸ்கேனில் சுவரைப் பார்த்தறிந்த பின், திருகை அண்ணப்பக்கமாகத் தள்ளிப் பதித்து, முன்னால் எஞ்சும் இடைவெளியில் எலும்புத்தூள் நிரப்பி, ஈறு மெலிதாயிருந்தால் அண்ணத்திலிருந்து சிறிது திசுவை எடுத்து ஒட்டுகிறார். தற்காலிகப் பல் கீழ்ப்பல்லில் இடிக்காதபடி அமைக்கப்படுகிறது. விபத்தாலோ சீழாலோ சுவர் சிதைந்திருந்தால், பல்லை மட்டும் எடுத்து, ஈறு ஆறும் வரை 4 முதல் 8 வாரம் பொறுத்துத் திருகு பதிப்பதே பாதுகாப்பு. அந்நாட்களைக் கழற்றி மாட்டும் பல்லோடு கடத்திவிட்டு, கல்லாற்றிலிருந்து அவர் இன்னொரு முறை பேருந்து ஏறவேண்டியிருக்கும்.