உப்பு மூட்டையும் சந்திரனும்

புத்தளம் களப்பிலே மூட்டைகள் ஏற்றிய தோணியொன்றைத் தள்ளுவோரைக் கண்டால் ஒரு வியப்புத் தோன்றும். பாரம் முழுவதையும் நீரே தாங்குகின்றது. தள்ளுபவன் எதனையும் தூக்கவில்லை. ஆயினும் தோணி எளிதில் அசைய மறுக்கின்றது; அசைந்தபின் நிற்கவும் மறுக்கின்றது. இம்மறுப்பின் அளவே சடத்துவத் திணிவு எனப்படும். அதே உப்பு மூட்டையைக் கரையிலே தராசிலிட்டால், பூமி அதனை இழுக்கும் வலிமை புலப்படும். அதற்குரியது ஈர்ப்புத் திணிவு.

இவ்விரண்டும் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்று தோணியும் சொல்லவில்லை, தராசும் சொல்லவில்லை. எனினும் அவை ஒத்தே இருக்கின்றன. அதனாலன்றோ காற்றில்லாவிடத்துக் கல்லும் இறகும் ஒருசேர விழுகின்றன! நியூற்றன் ஊசல்களைக் கொண்டு இதனைச் சோதித்தார். ஐன்ஸ்ரைன் தம் பொதுச் சார்புக் கொள்கைக்கு இதனையே அடிப்படையாக்கினார்.

ஆனால் பேருருவங்களிடத்து வேறொரு வினா எழுகின்றது. பூமியின் பகுதிகள் யாவும் தம்முள் ஒன்றையொன்று ஈர்த்துக் கட்டுண்டு கிடக்கின்றன. சக்திக்கும் திணிவு உண்டாதலின், அக்கட்டின் சக்தியும் கணக்கில் சேரும். அச்சக்தியும் ஏனைய பொருள்களைப் போலவே விழுமா? இதனை உப்பு மூட்டையிடம் கேட்டுப் பயனில்லை. பூமியிலேகூட அதன் பங்கு ஏறத்தாழ 200 கோடியில் ஒன்றுதான். சந்திரனில் அதனினும் மிகக் குறைவு.

அச்சக்தி வேறுவிதமாய் விழுமாயின், பூமியும் சந்திரனும் சூரியனை நோக்கி ஒரேவிதமாய் விழமாட்டா. சந்திரனின் பாதை சூரியத் திசையிலே சிறிது விலகிக் காணப்படும் என்று 1968இல் கென்னத் நோட்வெற் காட்டினார். மறு ஆண்டு யூலையில் அப்பொலோ 11 வீரர்கள் சந்திரனிலே ஒளிதிருப்பும் கருவியொன்றை வைத்தனர். கற்பிட்டிக் களப்பின்மேல் எழும் அதே சந்திரன்தான்! லேசர் ஒளி அங்கே சென்று மீள இரண்டரை வினாடி செல்லும். அதனைக் கொண்டு தூரத்தைச் சதமமீற்றர்க் கணக்கில் அளந்தும் அவ்விலகல் காணப்படவில்லை.

ஓர் ஐயம் எஞ்சியது. பூமியின் உள்ளகத்திலே இரும்பு மிகுதி, சந்திரனிலே குறைவு. இவ்வேற்றுமையால் விளையும் விலகல் மற்றதனை மறைத்திருக்கலாமே? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் பூமியையும் சந்திரனையும் ஒத்த சேர்க்கையுடைய சிறு துண்டுகளை முறுக்குத் தராசிலிட்டுச் சோதித்து, 1999இல் அவ்வையத்தையும் நீக்கினர்.

இவற்றினும் கடிய சோதனையை வானமே அமைத்துவைத்திருந்தது. இடபராசித் திசையில் ஒரு நியூத்திரன் விண்மீனும் இரு வெண்குறளிகளும் கூடிச் சுழல்கின்றன. அந்நியூத்திரன் விண்மீனிலே கட்டின் சக்தி திணிவிற் பத்திலொரு பங்கிற்கு மேலாம். அதுவும் அருகிலுள்ள வெண்குறளியும் மூன்றாவதை நோக்கி விழும் விதத்திலே, பத்து இலட்சத்தில் மூன்று பங்கு வேறுபாடுதானும் இல்லையென 2018இல் கண்டனர்.