இல்லறத்தார் நோன்பும் இல்லத்து மின்சாரமும்

(விழா மேடையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெரம்பலூர் மாவட்டத்து எறையூர், சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். கரும்பைப் பிழிந்து சாறு எடுத்தபின் எஞ்சும் சக்கையைச் சர்க்கரை ஆலைகள் வீசி எறிவதில்லை. அதனையே கொதிகலனில் இட்டு நீராவி எழுப்பிக்கொள்கின்றன. வெளியிலிருந்து எரிபொருள் வாங்குமுன் கையில் உள்ளது வீணாகாமல் காப்பது அத்தொழிலின் இயல்பு. அதே எறையூரில் 2022 நவம்பரில் சிப்காட் தொழிற்பூங்காவும் தொடங்கப்பட்டது. தொழில் பெருகும் வட்டாரத்தில் வருவாய் பெருகும். வருவாய் பெருகினால் இல்லங்களில் மின்கருவிகளும் பெருகும். ஆலை கற்றுக்கொண்ட சிக்கனத்தை இல்லம் கற்றுக்கொண்டதா என்பதே இன்று எழும் வினா.

இவ்வினாவுக்கு இப்போது ஓர் அவசரமும் உண்டு. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் ‘பிரதமரின் சூரிய வீடு – இலவச மின்சாரத் திட்டம்’ என்பதைத் தொடங்கியது. ஒரு கோடி இல்லங்களின் கூரையில் சூரிய மின்தகடு அமைப்பது அதன் குறிக்கோள். அதற்கென 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1 கிலோவாட் அமைப்புக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் 78,000 ரூபாய் என மானியம் வகுக்கப்பட்டது. ஊர்தோறும் முகவர்கள் வருகின்றனர். “மானியம் முழுதும் கிடைக்க வேண்டுமானால் 3 கிலோவாட் போடுங்கள்” என்பது அவர்களிடம் எளிதில் எழும் அறிவுரை. அவ்வறிவுரையைச் சாவகர் இல்லம் அப்படியே ஏற்கலாமா?

சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்றாக அனர்த்ததண்ட விரதத்தைக் கூறுகிறது. பயனற்ற தீங்கை விலக்குதல் என்பது அதன் பொருள். பயனின்றி மண்ணைக் கிளறுதல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், காற்றை அலைத்தல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவை அதில் விலக்கப்படுகின்றன. இவை ஐந்தும் ஓரறிவுயிர்களின் ஐந்து வகை என்பதைச் சமணர் இல்லத்துக் குழந்தையும் அறியும். மற்றொரு குணவிரதம் போகோபபோக பரிமாணம். துய்க்கும் பொருள்களுக்கு முன்கூட்டியே அளவு வகுத்துக்கொள்ளுதல்.

ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறி இவ்விரண்டு நோன்பையும் ஒருங்கே பிழைக்கச் செய்கிறது. அதற்கான மின்சாரத்தின் பெரும்பகுதி எங்கோ நிலக்கரி தோண்டப்பட்டு எரிக்கப்பட்டதன் விளைவு. மண், தீ, நீர், காற்று ஆகிய நான்கும் அங்கே துன்புறுகின்றன. தீமை கண்ணுக்கு எட்டாத தொலைவில் நடப்பதால் அது தீமையன்று என்று ஆகிவிடாது.

எனவே முதலில் அளவு. அதன் பின்னரே மானியம். இதனைக் கணக்கிட்டே காணலாம்.

தமிழ்நாட்டில் மின்கணக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. அக்காலத்தில் 300 யூனிட் செலவிடும் ஓர் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 75 வாட் கொண்ட பழைய மின்விசிறிகள் நான்கு, நாள்தோறும் பத்து மணி நேரம் சுழன்றால், 60 நாளில் 180 யூனிட் ஆகும். அவற்றை ஏறத்தாழ 30 வாட்டில் இயங்கும் பி.எல்.டி.சி. மின்விசிறிகளாக மாற்றினால் 72 யூனிட் போதும். மிச்சம் 108 யூனிட். இல்லத்தின் மொத்தச் செலவு 192 யூனிட்டாகக் குறைகிறது. அதில் 100 யூனிட் தமிழக அரசால் 2016 முதல் கட்டணமின்றி வழங்கப்படுவது. எஞ்சிய 92 யூனிட்டுக்கே கட்டணம்.

1 கிலோவாட் தகடு தமிழ்நாட்டு வெயிலில் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில், அதாவது இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் அளவில் தரும். மின்விசிறியை மாற்றாத இல்லத்துக்கு 2 கிலோவாட் வேண்டும் என்று தோன்றும். மாற்றிய இல்லத்துக்கு 1 கிலோவாட்டே மிகுதி. தகடே தேவையா என்று எண்ணிப் பார்க்கவும் இடமுண்டு. கூடுதல் மானியம் பெறுவதற்காகத் தேவைக்கு மிஞ்சிய தகட்டை வாங்கி, மிஞ்சிய மின்சாரத்தைச் செலவழிப்பதற்காகக் குளிரூட்டி வாங்கும் இல்லம், அரசுப் பணத்தில் தன் ஆசையைப் பெருக்கிக்கொண்ட இல்லம் ஆகிறது. ஒதுக்கப்பட்ட தொகை எல்லையுடையது. ஓர் இல்லம் தேவையின்றிப் பெறாமல் விட்ட 30,000 ரூபாய், இன்னோர் இல்லத்தின் 1 கிலோவாட்டுக்கு ஆகும்.

விளக்கு இதற்கு நல்ல சான்று. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் எல்.இ.டி. விளக்குகளை அரசு நிறுவனம் பெருந்தொகையாகக் கொள்முதல் செய்ததால் விலை வீழ்ந்தது. 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் இல்லங்களை அடைந்தன. 60 வாட் குண்டு விளக்கின் ஒளியை 9 வாட் விளக்கு தருகிறது. ஒளி குறையவில்லை, வீண் வெப்பமே குறைந்தது. ஆயினும் சிக்கன விளக்கென்று கருதி இரவெல்லாம் எரியவிட்டால் விட்டில்கள் மடிவது நிற்காது. பொழுது சாயுமுன் உண்ணும் மரபுடைய இல்லத்தில் மாலைச் சமையலறை விளக்குக்கு வேலை குறைவு. பகலிலேயே சமையல் முடிவதால் சூரிய மின்சாரம் உண்டாகும் வேளையும் அது பயன்படும் வேளையும் ஒன்றுபடுகின்றன. முன்னோர் வகுத்த ஒழுக்கம் இன்றைய கருவிக்கும் பொருந்தி வருவது வியப்பன்று.

அடுத்தது கூரை. கான்கிரீட் தளம் பகலில் வெயிலைக் குடித்து இரவில் அறைக்குள் உமிழ்கிறது. தளத்தின்மேல் சுண்ணாம்புக் கலவையிட்டுத் தட்டோடு பதிப்பதும், கோடைக்கு முன் வெள்ளை அடிப்பதும் இந்நாட்டுக் கொத்தனார் அறிந்த வழிகள். எண்ணெய் விலை ஏறிய காலத்தில், 1976இல், அமெரிக்க அரசு ஏழைகளின் வீடுகளில் குளிர் புகாதபடி சுவரையும் கூரையையும் செப்பனிட உதவும் திட்டத்தைச் சட்டமாக்கியது. அங்கே குளிர், இங்கே வெப்பம். கருத்து ஒன்றே: ஆற்றலைக் கூட்டுமுன் இழப்பை அடைத்தல். ஆனால் சூரிய வீடு திட்டத்தின் மானியம் தகட்டுக்கு உரியது. வெள்ளையடிப்புக்கும் மின்விசிறிக்கும் அதில் இடமில்லை. ஆகவே முதற்படியை இல்லத்தாரே தம் பொருளில் செய்துகொள்ள வேண்டியுள்ளது.

இங்கேதான் அறக்கட்டளைகளின் கடமை தொடங்குகிறது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், ஏழைகளுக்கு 300 சதுர அடி வீடும் சூரிய ஒளியால் எரியும் ஐந்து விளக்குகளும் அரசுச் செலவிலேயே வழங்கப்பட்டன. இன்றைய திட்டத்தின் முறை வேறு. சொந்தக் கூரை வேண்டும். முழுத்தொகையையும் கையிலிருந்தோ வங்கிக் கடனாலோ முதலில் செலுத்த வேண்டும். அமைப்பு இயங்கத் தொடங்கிய பின்னரே மானியம் வங்கிக் கணக்கில் சேரும். வாடகை வீட்டில் வாழும் விதவைத் தாய்க்கும், ஓட்டு வீட்டில் வாழும் முதியவர்க்கும் இது எட்டாது. அத்தகைய இல்லங்களுக்கு இரண்டு மின்விசிறியும் நான்கு விளக்கும் வாங்கித் தருவது பெருஞ்செலவன்று. மானியம் வரும்வரை தாங்க இயலாத குடும்பத்துக்கு வட்டியில்லாக் கைம்மாற்றுத் தருவதும் அறக்கட்டளையால் இயலும். ஜினாலயங்கள் வீட்டு இணைப்பின்கீழ் வாரா. ஆதலால் இம்மானியம் அவற்றுக்கு இல்லை. அங்கே தகடு அமைப்பதாயின் அது அன்பர்களின் தானமாகவே அமைய வேண்டும்.

தகடு அமைக்க முடிவு செய்தோர் மூன்றினைக் கருத்தில் கொள்க. மானியத்துக்கு இந்தியாவில் செய்யப்பட்ட தகடுகளே ஏற்கப்படும். 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். மின்கலம் இணைக்காத அமைப்பு, மின்வெட்டு நேரத்தில் தானும் நின்றுவிடும். தகட்டைக் கழுவும்போது வடிகட்டிய நீரால், சிற்றுயிர் உளவா என்று பார்த்தபின் கழுவுதல் சாவகர்க்கு அழகு.

வரும் மின்கட்டண அட்டையை எடுத்து வைத்து, குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து, அடுத்த இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று அளவு வகுத்துக்கொள்வதே இவ்விழா நாளில் ஏற்கத்தக்க நோன்பு. அவ்வளவைக் காத்த இல்லம் அரசு உதவியைப் பெற்றாலும் அறத்தின் வழியே பெறும். பெறாவிடினும் குறையொன்றும் இல்லை.

அறம் வெல்க! அனைத்துயிரும் இன்புறுக!