பனியில் கேமரா: பத்ரி, முக்திநாத் போகிறவர்களுக்கு
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு குளிரைப் பற்றிப் பேசுகிறேனே என்று சிரிக்காதீர்கள். நம் ஊர்த் திவ்ய தேசங்களைச் சேவித்தவர்களுக்கு அடுத்து மனசு போவது பத்ரிக்கும் முக்திநாத்துக்கும்தான். பத்ரி சுமார் 3,100 மீட்டர் உயரம். நேபாளத்திலுள்ள முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேல். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே ராத்திரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்.

விடியற்காலையில் முக்திநாத்தின் 108 தாரைகளில் அம்மா நனைந்து வருகிறார். நீங்கள் வீடியோ எடுக்கிறீர்கள். 40 சதவீதம் சார்ஜ் காட்டிய செல்போன் பாதியில் அணைந்துவிடுகிறது. அம்மாவை இன்னொரு முறை நனையச் சொல்ல முடியுமா?

பேட்டரி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும். கேட்கிற வேகத்தில் மின்சாரம் தர முடியாமல் கருவி நின்றுவிடுகிறது. உடம்புச் சூடு பட்டால் பெரும்பாலும் சார்ஜ் திரும்பிவிடும். அதனால் செல்போனும் ஸ்பேர் பேட்டரியும் ஸ்வெட்டருக்கு உள்ளே, சட்டைப் பையில் இருக்கட்டும். எடுக்கும்போது மட்டும் வெளியே வரட்டும். சில்லிட்ட பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். அந்தப் பழுது நிரந்தரம்.

என்னைக் கேட்டால், குளிரில் நிற்பதைவிட அறைக்குத் திரும்புவதுதான் கேமராவுக்கு ஆபத்து. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் நம் வீட்டு மேஜையில் எப்படி வியர்க்கிறது? சில்லிட்ட கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் அதே கதைதான். லென்ஸுக்கு உள்ளேகூட நீர் படியும். வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து மூடிவிடுங்கள். ஈரம் கவரின் மேலே படியும், கேமரா தப்பிக்கும். இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். எடுத்ததை உடனே பார்க்கத் துடிப்பவர்கள் மெமரி கார்டை முன்பே கழற்றி வைத்துக்கொள்ளலாம். ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் காயவைக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

லென்ஸை வாயால் ஊதித் துடைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அங்கே அந்த மூச்சே பனியாக உறைந்துவிடும். உலர்ந்த மென்துணி போதும். வெண்பனி படத்தில் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இன்னொன்று, தாரையில் நனைகிறவரே படமும் எடுக்க வேண்டாம். ஈர விரலுக்கு டச் ஸ்கிரீன் சரியாக வேலை செய்யாது, கையும் விறைத்திருக்கும்.

இந்த வருஷம் போகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செல்போனோடு முன்னால் வாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டுவது எப்படி என்று உங்கள் போனிலேயே காட்டுகிறேன்.